காரணம்: இயற்கை – டர்பனில் ஒரு மரணம் எங்கெங்கே எண்ணப்பட்டது

2021 ஜனவரி இரண்டாம் வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் விடியற்காலை நாலரை மணிக்கு மூச்சை விட்டார். நான் தாத்தா என்று கூப்பிட்டுப் பழகியவர். வயது 74. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. ஐந்து நாளாகக் காய்ச்சல், வாயில் ருசி இல்லை, கடைசி இரண்டு நாள் ஆக்ஸிமீட்டர் 80-ஐத் தாண்டவே இல்லை. பேரன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். வாசலில் வரிசை. ஆறு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, "வூட்டுக்கே போயிடலாம்டா" என்று தாத்தா சொன்னதும் திரும்பி வந்துவிட்டார்கள்.

மூக்கில் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். முடிவு வருவதற்குள் ஆள் போய்விட்டார். பதினோராம் நாள் ஆயாவின் – தாத்தாவின் மனைவியின் – போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: மாதிரி சோதனைக்கு உகந்ததாக இல்லை, மறுபடி வந்து கொடுக்கவும்.

அதற்குள் இறப்புச் சான்றிதழும் கைக்கு வந்திருந்தது. மரணத்தின் காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல்: 'இயற்கைக் காரணங்கள்'. ஆயாவுக்கு ஆங்கிலம் பேச வரும், படிக்கத் தடுமாறும். என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன்.

"என்னா வியாதின்னு எழுதலியே தம்பி? ஊரே கொரோனா கொரோனான்னு சாவுது, இவரு மட்டும் இயற்கையா செத்தாரா?"

நான் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்கிறவன். மதுரையிலிருந்து வேலை அனுமதியில் வந்தவன். 'இயற்கை', 'இயற்கை அல்லாதது' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறி போடுவதுதான் என் அன்றாடப் பிழைப்பு. ஈமச்செலவுக்கான ஃப்யூனரல் பாலிசி எடுத்து ஆறு மாதம் ஆகாமல் இயற்கையாகச் செத்தால் பெரும்பாலும் பணம் வராது, விபத்தில் செத்தால் முதல் நாளிலிருந்தே வரும். அதற்கு மேல் அந்தச் சொல்லைப் பற்றி நான் யோசித்ததில்லை. ஆயா கேட்ட பிறகு யோசித்தேன். தாத்தாவின் சாவு இந்த நாட்டின் எந்தக் கணக்கில் விழுந்தது, எதில் விழாமல் போனது என்று தடம் பிடித்துப் போனதன் விவரம் இது.

முதல் கணக்கு: இரவு அறிவிப்பு

அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் ஸ்வெலி ம்கிஸே. ஒவ்வொரு இரவும் எண்ணிக்கை வரும்: இன்று இத்தனை தொற்று, இத்தனை மரணம், மாகாணவாரியாக. உலகம் முழுக்கத் தென்னாப்பிரிக்காவின் 'கொரோனா மரணம்' என்று எடுத்தாண்டது இந்த எண்ணைத்தான். இதில் ஒருவர் இடம்பெற வேண்டுமானால் ஆய்வகத்தில் தொற்று உறுதியாகியிருக்க வேண்டும், இறந்த செய்தி மாகாணச் சுகாதாரத் துறைக்குப் போயிருக்க வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அது ஓரளவு தானாக நடக்கும். தேசியத் தொற்றுநோய் நிலையம் மருத்துவமனைச் சேர்க்கைகளைத் தொகுக்க 'டாட்கவ்' என்ற ஏற்பாட்டை வைத்திருந்தது. வீட்டுக் கட்டிலில் இறந்தவருக்கு அப்படி ஒரு கை கிடையாது.

தாத்தாவிடம் உறுதியான சோதனை முடிவும் இல்லை, மருத்துவமனைச் சீட்டும் இல்லை. அந்த இரவு அறிவிப்பிலும் இல்லை, அதற்குப் பின் எந்த இரவு அறிவிப்பிலும் இல்லை.

அந்த அறிவிப்பைப் படிப்பதில் இன்னொரு சிக்கல், தேதி. 2020 ஜூலை 22 அன்று 572 மரணம் என்று வந்தபோது இங்கே பலர் ஆடிப்போனார்கள். அத்தனை பேரும் அன்றைக்கே இறந்துவிடவில்லை. ஒரு நாளின் எண் என்பது அன்றைக்கு மேசைக்கு வந்து சேர்ந்த காகிதங்களின் எண்ணிக்கை, பழைய பாக்கியும் அதில் சேரும். அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதை வைத்து ஜோசியம் பார்த்தவர்கள் காகிதத்தின் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதே ஜூலை மாதம் தமிழ்நாட்டில், விடுபட்டிருந்த 444 மரணங்களை ஒரே நாளில் கணக்கில் ஏற்றினார்கள். சென்னையின் இறப்புப் பதிவேடும் மாநிலத்தின் கொரோனாப் பட்டியலும் ஒத்துப்போகாததில் தொடங்கிய கதை அது.

இரண்டாம் கணக்கு: அண்டர்டேக்கர் கொண்டுபோன தாள்

தாத்தா இறந்த காலையில் குடும்ப மருத்துவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டது டிஎச்ஏ-1663 என்ற இறப்பு அறிவிப்புப் படிவத்தில். அதை ஹோம் அஃபேர்ஸ் என்னும் உள்துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போனவர், ஈமக்காரியங்களை நடத்திக்கொடுக்கும் அண்டர்டேக்கர். இங்கே பிணத்தை எரிக்கவும் புதைக்கவும் அந்த அலுவலகத்தின் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவுக்காகவே பெரும்பாலான குடும்பங்கள் ஒரு வாரத்துக்குள் சாவைப் பதிந்துவிடுகின்றன. இந்த நாட்டின் மரணக் கணக்கு இவ்வளவு சீக்கிரம் கூடுவதற்கு மூல காரணம் அரசின் சுறுசுறுப்பு அல்ல. பிணத்தை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க முடியாது, அவ்வளவுதான். (அந்த வாரம் காத்திருக்கவும் நேர்ந்தது. தகனத்துக்கு நான்கு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. வந்திருந்தவர்கள் ஐம்பது பேருக்குள். பதினாறாம் நாள் கருமாதியை வீட்டுக்குள்ளேயே முடித்தார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கக் கோயிலும் திறக்கவில்லை.)

ஹோம் அஃபேர்ஸ் கணினியில் தாத்தாவின் 13 இலக்க அடையாள எண்ணுக்கு நேரே 'காலமானார்' என்று ஏறியது. காரணம்: இயற்கை. தேசிய மக்கள் பதிவேட்டில் அவ்வளவுதான் இருக்கும். நோயின் பெயருக்கு அங்கே கட்டமே கிடையாது.

ஆனால் தாத்தாவைச் சரியாக எண்ணியது இந்தப் பதிவேடுதான்.

இந்தப் பதிவேட்டின் தரவு தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்குப் போகிறது. அங்கே டெபி பிராட்ஷா தலைமையிலான குழுவும், கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ராப் டாரிங்டன், டாம் மௌல்ட்ரி போன்ற மக்கள்தொகைக் கணக்காளர்களும் சேர்ந்து வாராவாரம் அறிக்கை வெளியிட்டார்கள். முந்தைய ஆண்டுகளின் போக்கைப் பார்த்தால் இந்த வாரம் இத்தனை பேர் இறந்திருக்க வேண்டும், உண்மையில் இறந்தவர் இத்தனை, வித்தியாசம் இத்தனை. கூடுதல் மரணம் என்பது அந்த வித்தியாசம்.

கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிய ஒவ்வொருவரையும் நிறுத்திப் பெயர் கேட்க வேண்டாம், எடுத்துப் போட்ட இலையை எண்ணினால் போதும். முந்நூறு இலை எதிர்பார்த்த இடத்தில் நானூற்று எண்பது விழுந்திருந்தால் யாரோ அழையாமல் வந்திருக்கிறார்கள். வந்தவர் யார் என்று இலை சொல்லாது. எத்தனை பேர் என்பதில் தவறாது.

மன்றம் 2020 ஜூலையில் வெளியிட்ட எண்ணிக்கை நாட்டையே உலுக்கியது. மே 6-க்கும் ஜூலை 14-க்கும் இடையில் இயற்கைக் காரணத்தால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததை விட ஏறத்தாழ 17,000 பேர் அதிகம். ஜூலை இரண்டாம் வாரத்தில் மட்டும் 59 சதவீதம் அதிகம். அந்தத் தேதி வரை அறிவிக்கப்பட்டிருந்த கொரோனா மரணம் 5,000-ஐக்கூட எட்டவில்லை.

வழக்கமான மறுப்பு உடனே வந்தது: அதெல்லாம் ஊரடங்கால் வந்த சாவு, சர்க்கரைக்காரருக்கு மருந்து கிடைக்கவில்லை, காசநோய்க்காரர் கிளினிக்குக்குப் போகவில்லை, நெஞ்சுவலிக்காரர் பயந்து வீட்டிலேயே இருந்தார். கொஞ்சம் உண்மை இருக்கிறது. என் மேசைக்கு வந்த கோப்புகளிலேயே அப்படிச் சிலர் இருந்தார்கள். ஆனாலும் மொத்தக் கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஊரடங்கு 2020 மார்ச் 27-இல் தொடங்கியது. மிகக் கடுமையாக இருந்தது ஏப்ரலில். ஊரடங்குதான் கொன்றது என்றால் சாவு ஏப்ரலில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. தொற்று அலை எந்த மாகாணத்தில் எந்த வாரம் எழுந்ததோ, அங்கே அதே வாரம் சாவும் எழுந்தது. அலை இறங்கியபோது சாவும் இறங்கியது. கட்டுப்பாடு தளர்ந்திருந்த மாதங்களிலும் அப்படித்தான். இதையெல்லாம் வைத்து, கூடுதல் மரணங்களில் 85 முதல் 95 சதவீதம் வரை கொரோனாவால்தான் என்று மன்றம் மதிப்பிட்டது.

இங்கேதான் 'இயற்கை' என்ற அந்த மொட்டைச் சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது. ஊரடங்கில் சாலையில் வண்டி இல்லை, சாராயக் கடை பூட்டிக் கிடந்தது. கொலையும் விபத்தும் திடீரென்று குறைந்தன. இயற்கை, விபத்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், விபத்தில் சாகாமல் தப்பியவர்களின் எண்ணிக்கை நோயில் செத்தவர்களின் எண்ணிக்கையை ஓரளவு மறைத்துவிடும். இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் நோய் தெளிவாகக் கண்ணில் பட்டது. ஆயாவை எரிச்சல்படுத்திய அதே சொல்தான் தாத்தாவைக் கணக்கில் சேர்த்தது.

2021 ஜனவரி முடியும்போது அறிவிக்கப்பட்ட மரணம் 44,000 சொச்சம், கூடுதல் மரணமோ ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. எல்லா அலையும் ஓய்ந்த பிறகு பார்த்தால் அரசு அறிவித்தது 1,02,000 சொச்சம், கூடுதல் மரணம் மூன்று இலட்சத்துக்கு மேல். ஆறு கோடி மக்கள் உள்ள நாட்டில், இலட்சத்துக்கு 170 பேர் என்று சொல்லப்பட்டது உண்மையில் 500 பேர்.

விகிதம் என்ற வில்லங்கம்

என் அலுவலகத்தில் மேலாளர்கள் கேட்டது வேறு கேள்வி: "இந்த நோய் வந்தால் நூற்றுக்கு எத்தனை பேர் சாகிறார்கள்?" அந்த ஜனவரியின் அறிவிப்பைப் பார்த்தால், 14 இலட்சத்து 50 ஆயிரம் தொற்றுக்கு 44,000 மரணம், நூற்றுக்கு மூன்று. செய்தியில் அந்த மூன்றைத்தான் 'இறப்பு விகிதம்' என்று படித்தார்கள்.

மேலே உள்ள எண் மூன்றில் ஒரு பங்கு என்று பார்த்தோம். கீழே உள்ளது அதைவிட மோசம். அந்த ஜனவரியில் தேசிய இரத்த வங்கி, இரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் நோய் வந்து போன தடயத்தைத் தேடியது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 52 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது. ஈஸ்டர்ன் கேப்பில் 63 சதவீதம். குவாசுலு-நட்டாலின் அன்றைய மக்கள்தொகை ஒரு கோடியே 15 இலட்சம். அறிவிக்கப்பட்ட தொற்று மூன்று இலட்சத்துச் சொச்சம். குழந்தைகளையும் மிக முதியவர்களையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் உண்மையான தொற்று பத்து மடங்குக்கு மேல்.

அப்படியானால் மரணம் மூன்று மடங்கு, தொற்று பன்னிரண்டு மடங்கு என்று உத்தேசமாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று என்பது முக்கால் ஆகிவிடுகிறது. கேட்டவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்: "ஓ, அவ்வளவு கொடியது இல்லையா?" அதே மூச்சில், செத்தவர்கள் மூன்று மடங்கு என்பதை மறந்துவிட்டார். விகிதத்தில் எனக்குள்ள பகை இதுதான். மேலும் கீழும் பொய்யான இரண்டு எண்ணை வகுத்தால் வருவது நோயைப் பற்றிய செய்தி அல்ல, சோதனை எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதைப் பற்றிய செய்தி. சோதனையைப் பெருக்கினால் விகிதம் இறங்கும், சுருக்கினால் ஏறும். நோய் தன் பாட்டுக்கு இருக்கும்.

மறைத்தார்களா?

சாட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும் "மூடிட்டாங்க" என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. மறைக்க நினைத்தவர்கள் பதிவேட்டை வாராவாரம் ஆராய்ச்சி மன்றத்துக்குத் திறந்து விட்டிருக்க மாட்டார்கள். அந்த மன்றமே அரசுப் பணத்தில் நடப்பது. இடைவெளி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டதும் ஒரு சாட்சி. வெஸ்டர்ன் கேப்பில் நோயாளிக்கு ஒரே எண் கொடுத்து, கிளினிக், ஆய்வகம், மருத்துவமனை, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் அந்த எண்ணால் கோத்து வைத்திருந்தார்கள். சோதனை செய்துகொண்டவர் வீட்டில் இறந்தாலும் கண்ணியில் விழுந்தார். அங்கே இடைவெளி மிகக் குறைவு. ஈஸ்டர்ன் கேப்பிலும் லிம்போப்போவிலும் அப்படி ஒரு கோர்வை இல்லை. அங்கே இடைவெளி பிளந்து கிடந்தது. சதி என்றால் ஒன்பது மாகாணத்திலும் ஒரே மாதிரி நடந்திருக்கும்.

இந்த நாட்டில் எண்ணை மறுத்த காலமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2001-இல் இதே மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் அறிக்கை, முந்தைய ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குள் இறந்தவர்களில் 40 சதவீதம் பேர் எய்ட்ஸால் இறந்ததாகச் சொன்னது. எழுதியவர்களில் டாரிங்டனும் பிராட்ஷாவும் உண்டு. அன்றைய அதிபர் தாபோ ம்பெக்கி அதை ஏற்கவில்லை. 1995-ஆம் ஆண்டின் பழைய எண்களைக் காட்டி எய்ட்ஸ் மரணம் நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான் என்று வாதித்தார். மருத்துவர்களும் சான்றிதழில் அந்தப் பெயரை எழுதத் தயங்கினார்கள். குடும்பத்துக்கு அவமானம், காப்பீட்டுப் பணத்துக்கு ஆபத்து. எழுதப்பட்டது காசநோய், நிமோனியா. ஆனால் இலை எண்ணிக்கை பொய் சொல்லவில்லை: பதிவான மரணம் 1997-இல் 3,18,287, 2002-இல் 4,99,268. ஐந்தாண்டில் 57 சதவீத ஏற்றம், அதுவும் இளவயதினரிடையே. நோயின் பெயரை மறைக்கலாம், ஆளின் வயதை மறைக்க முடியாது.

காரணம் எழுதும் பக்கத்தைத் தனியாக மூடி முத்திரையிட்டு அனுப்பும் படிவம் 1998-இல் வந்ததும் அந்தக் கூச்சத்துக்கு மருந்தாகத்தான். தாத்தாவுக்கு மருத்துவர் எழுதிய காரணமும் அப்படியொரு மூடிய பக்கமாகப் போனது. அதுதான் மூன்றாம் கணக்கு. ஸ்டாட்ஸ் எஸ்ஏ என்னும் புள்ளிவிவர நிறுவனம் அதைத் திறந்து, குறியீடு போட்டு, ஆண்டுகள் கழித்துத் தொகுத்து வெளியிடும். குடும்பத்துக்குக் காட்ட மாட்டார்கள். ஆயாவின் சான்றிதழ் மொட்டையாக இருந்ததற்கு இதுதான் காரணம். எய்ட்ஸ் காலத்துப் பயத்துக்காகப் போட்ட திரை கொரோனா காலத்திலும் அப்படியே தொங்கியது.

எய்ட்ஸ் சண்டைக்காகக் கட்டிய மரணக் கண்காணிப்புத்தான் இருபது ஆண்டு கழித்துக் கைகொடுத்தது என்பது எனக்கு ஆறுதலான விஷயம். கொள்ளைநோய் வந்த பிறகு பதிவேடு கட்ட முடியாது. 1918 இன்ஃபுளுவென்சாவின்போது இங்கே அப்படி ஒன்று இல்லை. விசாரணைக் குழு அன்று சொன்னது ஏறத்தாழ 1,40,000 மரணம். வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஃபிலிப்ஸ் பிறகு உட்கார்ந்து கணக்கிட்டதில் மூன்று இலட்சத்தைத் தொட்டது. கிராமங்களில் கறுப்பின மக்களின் சாவை அன்று ஒழுங்காகப் பதியவே இல்லை.

இன்றைய பதிவேட்டிலும் ஓட்டை உண்டு. தென்னாப்பிரிக்க அடையாள எண் உள்ளவர்தான் அதில் இருப்பார். ஜிம்பாப்வேயிலிருந்தும் மலாவியிலிருந்தும் வந்து தோட்டத்திலும் கட்டடத்திலும் வேலை செய்கிறவர்கள் அதில் இல்லை. வேலை அனுமதியில் இருக்கும் நானும் இல்லை. அந்த ஜனவரியில் எனக்கும் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்திருந்தேன். போயிருந்தால் நான் யாருடைய கூடுதலும் ஆகியிருக்க மாட்டேன்.

நோட்டுப் புத்தகம்

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயாவுக்கு எடுத்துச் சொன்னேன். பந்தி இலைக் கதை அவருக்குப் பிடித்திருந்தது. மற்றதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"அப்போ அவரைக் கணக்குல சேத்தாங்க. பேரு மட்டும் எழுதல. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் ஆயா."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். தாத்தாவின் குடும்பம் டர்பனின் பழைய தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பாரக்ஸில் இருந்தபோதைய வாடகை அட்டை, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த பாட்டனாரின் ஒப்பந்த எண்ணை யாரோ ஆவணக் காப்பகத்தில் பார்த்து எழுதிவந்த தாள், அதற்கடியில் அட்டை கிழிந்த ஒரு நோட்டு. பிறப்பும் சாவும் தமிழில், பல கையெழுத்தில். முதல் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் பெயர், 1918, அக்டோபர், 'விஷ சுரம்'.

தாத்தாவுக்குப் பிறகு அந்த வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை. பேனாவை என்னிடம் கொடுத்தார். பெயரும் தேதியும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"கொரோனான்னு போடு தம்பி. கொம்பு, கால் எல்லாம் சரியாப் போடு."